ருசி பார்க்க வந்தவர்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லிக்குத் தட்டும் கிடையாது, குழியும் கிடையாது. மூங்கிலால் முடைந்த நீளமான குடலையின் உட்புறம் முழுக்க மந்தாரை இலையை வைத்து, அதற்குள் மாவை வார்த்து, பெரிய பாத்திரத்தில் நிற்க வைத்து மணிக்கணக்கில் ஆவியில் வேக விடுகிறார்கள். பச்சரிசியும் உளுந்தும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்துப் புளிக்க வைத்த மாவு. அதில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மிளகாய் வாசனையே அதற்குத் தெரியாது. வெந்த பிறகு குடலையைக் கவிழ்த்துத் தட்டினால் கனமான ஓர் உருளை வந்து விழும். மேலே இலை நரம்பு பதிந்திருக்கும். அதைக் குறுக்கே வில்லை வில்லையாக நறுக்கினால் வெட்டுவாயில் கறுப்புப் புள்ளிகளாக மிளகு தெரியும். வாயில் போட்டால் முதலில் நெய்யும் புளிப்பும், பிறகு சற்றுத் தாமதமாகத் தொண்டையில் சுக்கு. இந்த ஒரு வில்லைக்காகவே காஞ்சிக்கு வருகிறவர்கள் இப்போது உண்டு. காலையில் கோயில், பிறகு தறி பார்க்க ஒரு வீடு, பட்டுக்கடை, நடுவில் எங்கேயாவது இட்லி. வருகிறவர் லண்டன்காரராகவும் இருக்கலாம், சென்னை அண்ணா நகர்க்காரராகவும் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கெட்டி, மிளகு தூக்கல், ஆனால் வித்தியாசமான அனுபவம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அவர் சாப்பிட்டது பிரசாதமா, இட்லியா? கேள்வி விளையாட்டாகத் தோன்றும். ஆனால் ஒரு பொருள் தன்னளவில் என்னவாக இருக்கிறது, யார் பார்வையில் அது அதுவாகிறது என்ற பழைய தத்துவ வழக்கு முழுவதும் இந்த வில்லைக்குள் அடங்கியிருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. காஞ்சிக்காரர் ஒருவர் பிரிட்டனுக்குப் போய் அந்த நாட்டுப் பாரம்பரிய உணவுகளை ஒவ்வொன்றாக ருசி பார்க்கக் கிளம்பினால், அதே இடத்தில்தான் வந்து நிற்பார். நம்மூரில் வெள்ளைக்காரன் சாப்பாடு என்றால் உப்புச்சப்பில்லாதது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் அவர்களுடைய பழைய பண்டங்களில் பல, நாள் பார்த்துச் செய்யப்பட்டவை. சிலுவைக் குறி போட்ட ஹாட் கிராஸ் பன் புனித வெள்ளிக்கு உரியது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாயன்று வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும் என்பதற்காகப் பான்கேக். ஈஸ்டரை ஒட்டி வரும் சிம்னல் கேக்கின் மேல் பாதாம் விழுதில் பதினொரு உருண்டைகள் வைப்பார்கள். யேசுவின் பன்னிரு சீடர்களில் யூதாஸுக்கு மட்டும் உருண்டை இல்லை. ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் ஓட்ஸோடு சேர்த்து இரைப்பைக்குள் அடைத்து அவிக்கும் ஹாகிஸ், மதம் சாராததாக இருந்தும், ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த ஜனவரி 25 அன்று பாட்டோடும் மரியாதையோடும் மேசைக்கு எடுத்து வரப்படுகிறது. கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு ஞாயிறு குறித்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு சுற்றாவது கிண்ட வேண்டும் என்று வழக்கம். 1647இல் தூய்மைவாதிகள் ஆதிக்கத்திலிருந்த நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது. ஒரு விருந்துக்குத் தடை போடுகிறவர்களைப் போல அந்த விருந்துக்கு அர்த்தம் இருப்பதை நம்புகிறவர்கள் வேறு யாருமில்லை. இவ்வளவையும் தாண்டி நம்மவர் ஒரு துண்டு புட்டிங்கை வாயில் போட்டுக்கொண்டு, இதற்கு நம்மூர் கேசரி தேவலை என்கிறார். காஞ்சி இட்லியைக் கெட்டி என்றவருக்கும் இவருக்கும் அதிக வித்தியாசமில்லை.

என் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உணவு என்ன என்பதைத் தீர்மானிப்பதில் நாக்கைவிடக் கொடுக்கிற கைக்கு அதிக உரிமை உண்டு. வாங்குகிறவரின் நம்பிக்கைகூட அதற்கு அடுத்தபடிதான். எனவே வேடிக்கையாக ருசி பார்க்க வந்தவர் பிரசாதம் வாங்கும்போது, அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது பிரசாதமாகவே அவர் கையில் விழுகிறது. அவர் அதை நழுவ விடலாம். வேறொன்றாக மாற்ற முடியாது.

இதைக் கோயில்காரர்கள் சொன்னால் பக்தி என்று ஒதுக்கிவிடலாம். வரித்துறையே சொல்கிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா, தர்கா போன்ற வழிபாட்டிடங்கள் வழங்கும் பிரசாதத்துக்கு வரி இல்லை என்று வகைப்படுத்தினார்கள். அதே அரிசி, அதே உளுந்து, அதே மிளகு சேர்ந்த இட்லி சாதாரண ஓட்டல் மேசைக்கு வந்தால் 5 சதவீதம் உண்டு. பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. யார் கொடுக்கிறார் என்று கேட்டால்தான் தெரியும். பிரிட்டனில் இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கு நடந்தது. ஜாஃபா கேக் என்று ஒரு பண்டம். சிறிய வட்டமான கேக் துண்டு, மேலே ஆரஞ்சு ஜெல்லி, அதற்கு மேல் சாக்லேட் பூச்சு. அந்த நாட்டு விதிப்படி கேக்குக்கு வரி இல்லை, சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. இது கேக்கா, பிஸ்கட்டா? 1991இல் வரித் தீர்ப்பாயம் உட்கார்ந்து மாவு எப்படி, பதம் எப்படி, அளவு என்ன, கடையில் எந்த அலமாரியில் வைக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்தது. பழசானால் பிஸ்கட் நமத்துப்போகும், கேக் இறுகும், இது இறுகுகிறது என்பதும் கணக்கில் வந்தது. கேக்தான் என்று தீர்ப்பு. பண்டத்தின் சாரம் பண்டத்துக்குள்ளேயே இருக்கிறது, கவனமாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பாயத்தின் வழி. ருசி பார்க்க ஊர் ஊராகப் போகிறவரின் நம்பிக்கையும் அதுவே. கேக்குக்கு அது போதும். பிரசாதத்தை எத்தனை நாள் வைத்திருந்து இறுகுகிறதா, நமத்துப்போகிறதா என்று பார்த்தாலும் அது பிரசாதமா என்று தெரியப்போவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதுவும் காஞ்சியிலிருந்தே வருகிறது. காப்பிய நாயகி மணிமேகலை காஞ்சிக்குள் நுழையும்போது ஊர் வறட்சியில் காய்ந்து கிடக்கிறது. அவள் முதலில் அமுதசுரபியால் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், அதன் பிறகுதான் தன் குருவான அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். காப்பியத்தின் அந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. அடிகள் அவளுக்குச் சொல்லும் அளவை நூல், பௌத்தத் தருக்க ஆசிரியர் திக்நாகர் வழியை ஒட்டியது. திக்நாகரும் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. அந்த வழியில் நேர்க்காட்சி என்பது பெயர், சாதி, குணம், செயல் என்று மனம் ஏற்றுகிற எதுவும் ஒட்டாத வெறும் உணர்வு. காப்பியம் அதைச் சுட்டுணர்வு என்கிறது. அப்படியானால் ருசி பார்க்க வந்தவர் கேட்கலாம்: நாக்கில் பட்ட கணத்தில் எனக்குக் கிடைத்ததுதானே உண்மையான அறிவு? கோயில், பெருமாள், பிரசாதம் என்பதெல்லாம் நீங்கள் மேலே ஏற்றிய பெயர்கள்தானே? மிளகு பக்தனுக்கும் உறைக்கும், நாத்திகனுக்கும் உறைக்கும்.

சரியான கேள்வி. ஆனால் திக்நாகர் கொடுத்த கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பெயரும் குணமும் ஒட்டாத உணர்வுதான் நேர்க்காட்சி என்றால், இது இட்லி என்று சொன்ன உடனேயே நேர்க்காட்சி முடிந்துவிட்டது. கெட்டியாக இருக்கிறது என்றால் எதைவிடக் கெட்டி? காலையில் ஓட்டலில் சட்னியோடு சாப்பிட்ட மல்லிகைப்பூ இட்லியைவிட. அதாவது அவர் தீர்ப்புச் சொல்வது தன் நினைவிலிருக்கும் வேறொரு இட்லியை வைத்து. பிரிட்டனின் பிளாக் புட்டிங் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பன்றி ரத்தத்தில் செய்தது என்று கேட்டதும் நம்மில் சிலர் முகத்தைச் சுளிப்போம். நம் ஊர்ப்பக்கம் கிடா வெட்டினால் வெங்காயம் போட்டு ரத்தப் பொரியல் செய்து, அது குழந்தைகளுக்கு நல்லது என்று ஊட்டிவிடுகிற வீடுகளில் பிறந்தவர்கள்கூடச் சுளிப்பார்கள். அவர்கள் சுவைத்தது ரத்தத்தை அல்லவே, அந்நியப் பெயரை. ஆக, பெயரே ஒட்டாமல் ருசி பார்ப்பது என்பது வாய் திறந்து ஒரு சொல் சொல்லும் வரைதான் சாத்தியம். சொல்லத் தொடங்கிவிட்டால் ஏதோ ஒரு கருத்து வந்து ஒட்டியே தீரும். எப்படியும் ஒன்று ஒட்டப்போகிறது என்றால், வந்தவர் மூட்டை கட்டிக்கொண்டு வந்த கருத்தைவிட, கொடுத்தவர் வைத்திருக்கும் கருத்தை முதலில் கேட்டுக்கொள்வதுதான் அறிவுக்குப் பொருத்தம். மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. எது அதிகத் தகவல் தருகிறது என்ற கணக்கில்தான் சொல்கிறேன்.

கொடுத்தவர் வைத்திருக்கும் கருத்து என்ன? அதற்கும் காஞ்சியில் ஒரு கதை இருக்கிறது. வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வது. பூவிருந்தவல்லியைச் சேர்ந்த திருக்கச்சி நம்பிகள் வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். பெருமாள் அவரோடு பேசுவார் என்பது நம்பிக்கை. அவர் பிராமணர் அல்லர். இளம் ராமானுஜர் அவரை ஆசாரியராக வரித்து, வீட்டுக்கு அமுது செய்ய அழைத்தார். நோக்கம் விருந்து போடுவது மட்டுமில்லை, நம்பிகள் உண்டு மிஞ்சிய சேஷத்தைத் தான் உண்ண வேண்டும் என்பது. ராமானுஜர் அவரை அழைத்துவர ஒரு தெருவழியே போக, நம்பிகள் வேறு தெருவழியே வீட்டுக்கு வந்து, கைங்கரியத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாக அமுது செய்துவிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் குறைவில்லாமல் பரிமாறினாள். பிறகு இலையைக் கையால் தொடாமல் அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, தலைமுழுகி, கணவருக்காகப் புதிதாகத் தளிகை தொடங்கினாள். திரும்பி வந்த ராமானுஜர் மனமுடைந்து போனார். வைணவர் பேச்சில் இந்தக் கதை பெரும்பாலும் தஞ்சமாம்பாளைக் குறை சொல்வதற்காகவே சொல்லப்படுகிறது. அது அவளுக்குச் செய்யும் அநியாயம். அவள் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாரத்தைப் பிசகாமல் செய்தாள், அவ்வளவுதான். கதையின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே சோறு, ஒரே இலை. ஒருத்தி அதை எச்சில் என்று பார்த்தாள், ஒருவர் சேஷம் என்று பார்த்தார். இருவர் விஷயத்திலும் நாக்கு குறுக்கே வரவே இல்லை.

சேஷம் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பேச்சுவழக்கில் மிச்சம். ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் அது அடிப்படைக் கலைச்சொல். தனக்கென்று இல்லாமல் இன்னொருவருக்காகவே இருப்பது சேஷம், யாருக்காக இருக்கிறதோ அவர் சேஷி. உயிர்கள் சேஷம், பெருமாள் சேஷி. ராமானுஜரின் தரிசனம் முழுவதும் இந்த உறவின்மேல் நிற்கிறது. மிச்சத்தை உண்பதற்கும், நானே ஒரு மிச்சம் என்று ஒப்புக்கொள்வதற்கும் ஒரே சொல் என்பது வெறும் சொல்விளையாட்டாக எனக்குப் படவில்லை. தளிகை பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணப்படுகிறது. உண்பவர் அவர். நமக்கு வருவது அவர் உண்டது போக மீதி. ருசி பார்க்க வந்தவர் இதை அப்படியே திருப்பிப் போடுகிறார். அவர் கணக்கில் உண்பவர் தான், மடைப்பள்ளி தனக்காகச் சமைத்தது, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் அதிகாரமும் தனக்குத்தான். தத்துவ மொழியில் சொன்னால் சேஷியின் ஆசனத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பிரசாதத்தை வாங்கும்போது வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அதன் கீழே வைத்துக் கொஞ்சம் குனிகிறோம். முட்கரண்டியால் ஒரு விள்ளலை எடுத்து நாக்கின் நுனியில் வைத்துக் கண்ணை மூடி யோசிப்பவரின் உடம்பு நிமிர்ந்திருக்கிறது. இரண்டு தத்துவங்களும் அந்த இரண்டு உடம்புகளிலேயே தெரிகின்றன.

கொடுப்பவரின் அர்த்தமே அர்த்தம் என்பதைக் கோயிலுக்கு வெளியே, பிரிட்டனிலேயே நடைமுறையில் காட்டியவர் காந்தி. 1888இல் படிக்கப் புறப்படும் முன், மாமிசம் தொடுவதில்லை என்று பேசர்ஜி சுவாமி என்ற ஜைனத் துறவியின் முன்னிலையில் தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். லண்டனில் அரைப்பட்டினி கிடந்து அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்ததும்தான் வயிறு நிறைந்தது. அதன் பிறகு வந்தது நுட்பமான சிக்கல். இங்கிலாந்துச் சைவர்களிடையே மாமிசத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இலக்கணங்கள் இருந்தன. ஓர் இலக்கணப்படி பறவை, விலங்கின் தசைதான் மாமிசம். மீனும் முட்டையும் சாப்பிடலாம். இன்னொன்றின்படி முட்டை சாப்பிடலாம். வேறொன்றின்படி அதுவும் கூடாது. வசதியானதை எடுத்துக்கொண்டிருந்தால் அங்கே கிடைத்த பாதிப் புட்டிங்குகள் அவருக்குத் திறந்திருக்கும். ஆனால் சத்தியத்தை வாங்கிக்கொண்ட தாயார் புத்லிபாய் மாமிசம் என்பதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசித்தார். அவருக்கு முட்டையும் அதில் சேர்த்தி. முட்டையை விட்டார். சைவ உணவகத்திலும் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. சொல்லின் பொருள் சொன்னவருக்கு வசதியான இடத்தில் இல்லை, யாரிடம் சொன்னாரோ அவருடைய புரிதலில் இருக்கிறது என்பது அவர் வந்தடைந்த முடிவு. இது சத்தியத்துக்கான விதி. உணவுக்கும் இதையே நீட்டலாம் என்கிறேன், ஏனென்றால் உணவை வாங்கிக்கொள்வதும் ஒருவகையில் வாக்குக் கொடுப்பதுதான்.

அந்த வாக்கு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் கொடுத்த ஒரு விருந்து சாட்சி. 1914இல் அங்கே போனவர், டிரினிட்டி கல்லூரியின் பொதுச் சாப்பாட்டுக்கூடத்தை விட்டுவிட்டுத் தன் அறையிலேயே சமைத்துச் சாப்பிட்டு வந்தார். ஒருநாள் நண்பர்களை அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக்கொண்ட விருந்தினர், மூன்றாம் முறை வேண்டாம் என்றதும், ராமானுஜன் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டார் என்று வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். விருந்தினர் தரப்பில் பார்த்தால் தவறே இல்லை. வயிறு நிறைந்தது, போதும் என்றார்கள். அவர்கள் சாப்பிட்டது அந்த வேளைச் சாப்பாடு. ராமானுஜன் பரிமாறியது அது மட்டுமில்லை. அதே ராமானுஜன் ஆங்கிலேயரின் மாமிச உணவைத் தொட மறுத்து ஐந்தாண்டு காலம் அங்கே வாழ்ந்தார். அந்த மறுப்பை அவமதிப்பாக, அவரை அங்கே வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டி எடுத்துக்கொள்ளவில்லை. ராமானுஜன் எதை மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. தெரிந்து மறுப்பது உறவுக்குள்ளேயே நடக்கிற காரியம். தெரியாமல் இரண்டு கரண்டி சாப்பிடுவதில் அந்த உத்தரவாதம் இல்லை.

இனி வேறு இரண்டு மறுப்புகள். பிரசாதம் இன்று விலைக்கு விற்கப்படுகிறதே, கடையை ஏலத்தில் எடுத்தவரின் கை எப்படிக் கொடுக்கும் கையாகும் என்று கேட்பார்கள். பிரசாத விற்பனை நம் காலத்துச் சீரழிவு என்று நினைப்பவர்கள் விஜயநகரக் காலத்துத் திருப்பதிக் கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். தளிகைக்குப் பொன்னும் ஊரும் எழுதிவைத்தவருக்குப் பிரசாதத்தில் ஒரு பங்கு உண்டு. விட்டவன் விழுக்காடு என்று அதற்குப் பெயர். அந்தப் பங்கைக் கைமாற்றவும் விற்கவும் செய்தார்கள். காசு கைமாறுவதால் கொடுக்கும் உறவு அழிந்துவிடுவதில்லை. புரோகிதருக்குத் தட்சிணை கொடுப்பதால் கல்யாணம் வியாபாரமாகிவிடுகிறதா? அழிப்பது வேறொன்று: பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாமலே, கோயில் இட்லி என்ற பெயரை மட்டும் எடுத்து விற்பது. ஓட்டல்காரர் காஞ்சிபுரம் இட்லி என்று போட்டு, டம்ளரில் ஊற்றி அவித்து, முந்திரி தூவி, மூன்று சட்னியோடு கொடுத்தால் அதில் மோசடி இல்லை, அது நல்ல பலகாரம். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கோயில் பிரசாதம் சாப்பிட்டேன் என்று சொன்னால்தான் தகராறு.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதைச் சுலபமாகத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. கொடுக்கும் கைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்கிறாய், அந்தக் கை நூற்றாண்டுகளாக யாருக்குக் கொடுத்தது, யாருக்குத் தூக்கிப் போட்டது? சென்னை மாகாணத்தில் எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவைத் திறந்துவிட 1947இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தீர்த்தமும் சடாரியும் யாருக்கு முதலில் என்பது இன்றும் மரியாதைக் கணக்கு. இதே வரதன் சன்னிதியில் யார் பிரபந்தம் சேவிப்பது என்ற வடகலை தென்கலை வழக்கு நூறாண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் உண்மை. கொடுப்பவர் வைத்த அர்த்தம் என்று நான் சொல்வதைக் கொடுப்பவரின் அந்தஸ்து என்று படித்தால், என் வாதம் இந்த அநியாயங்களுக்குத் துணை போகும். ஆனால் நம்பிகள் கதையைத் திரும்பப் பாருங்கள். சாதி பார்த்து இலையை அப்புறப்படுத்தியவள் சோற்றைத் தொட்ட கை எந்தக் குலத்துக் கை என்று கேட்டாள். ராமானுஜர் அந்தக் கை யாருக்கு ஆலவட்டம் வீசும் கை என்று கேட்டார். கொடுக்கும் கையைப் பார் என்ற விதியை முழுக்கக் கடைப்பிடித்தவர் அவர்தான். அவர் மீறியது ஆசாரத்தை. விதியின் உள்ளேயிருந்தே அதைக் குலைக்க முடிந்தது என்பதால்தான் விதியைக் கைவிட எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. கொடுத்த பிறகு கொடுத்தவருக்கு அந்தப் பொருள்மேல் பிடி இல்லை. வில்லை உங்கள் கையில் விழுந்த பின் நீங்கள் யார் என்று கேட்டு யாரும் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. கருவறைப் பக்கம் இந்து அல்லாதவர் போக முடியாத கோயிலிலிருந்து பிரசாதம் மட்டும் வெளியே வந்து, நூற்றுக்கால் மண்டபத்துச் சிற்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக்காரரின் கையில் சேர்ந்துவிடுகிறது. கால் போக முடியாத தூரத்திலிருந்து சோறு வருகிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் இது தலைகீழ். தேவாலயத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், நற்கருணை அப்பத்தை மட்டும் ஞானஸ்நானம் பெறாதவர் வாங்க முடியாது. அவர் முன்னால் போனால் ஆசீர்வாதம் கிடைக்கும். எந்த வேலி நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. உணவின் அர்த்தத்தைக் கொடுப்பவர்தான் வரையறுக்கிறார் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன.

அப்படியானால் வருகிறவர் பக்தராக வேண்டுமா? வேண்டியதில்லை. வரதருக்குச் சாத்தும் நகைகளில் ஒன்றுக்குக் கிளைவ் மகரகண்டி என்று பெயர். ராபர்ட் கிளைவ் நோய்வாய்ப்பட்டபோது வரதர் தீர்த்தப் பிரசாதம் வாங்கிக் குணமடைந்து, நன்றியாக அதைக் கொடுத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். நாட்டையே சுருட்டியவர் கொடுத்த ஒரு மாலை என்று முணுமுணுக்கத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கதை சொல்லும் முறையைக் கவனியுங்கள். கிளைவ் வைணவரானார் என்று யாரும் சொல்வதில்லை. அவர் நம்பினாரா என்ற கேள்வியே அதில் எழவில்லை. வாங்கினார், பிறகு கொடுத்தார். கோயில் அதை அவர் பெயரிலேயே வைத்துக்கொண்டது. ருசி பார்க்க வந்தவரிடம் காஞ்சி எதிர்பார்ப்பது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஆர்வம் தடையே இல்லை. ஆர்வம் இல்லாவிட்டால் அவர் வந்திருக்கவே மாட்டார், பிரிட்டனுக்குப் போகும் நம்மவரும் பிளைட்டில் ஊறுகாய்ப் பாட்டிலோடு போய் ஊறுகாய்ப் பாட்டிலோடு திரும்பி வந்திருப்பார். தறி வீட்டில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி நாடாவில் ஓடி, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. சுவையும் கொடுத்தலும் அப்படிப் பிணைந்தவை. சுவையை மட்டும் உருவி எடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்பினால் கையில் நூல்தான் வரும்.

நடைமுறையில் இது சின்ன விஷயம். டிசம்பர் மாதம் பிரிட்டனில் ஒரு வீட்டில் புட்டிங் வைத்தால், யார் கிண்டினார்கள் என்று கேளுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும். சூயட் போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, இப்போது தாவரக் கொழுப்பிலும் கிடைக்கிறது. உங்களுக்கு ஆகாது என்றால் காரணத்தைச் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். காஞ்சிக்கு வந்தால், படம் எடுப்பதற்கு முன் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே சட்னி கேட்காதீர்கள். பெருமாளுக்கே அதோடு சட்னி வைப்பதில்லை.